கடல் உள்வாங்கும் நேரம்: திருச்செந்தூர்ப் பாறைகளில் சாமந்தி, சொறி, பவளம் பார்க்கும் முறை

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி "திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிந்தன" என்று செய்தி வரும். நாழிக்கிணறு பக்கமும் அய்யா வைகுண்டர் அவதாரப்பதி முன்பும் கூட்டம் கூடும், படம் எடுக்கும், கலைந்துபோகும். அந்தப் பாறைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் தண்ணீரைக் குனிந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பள்ளிகளிலிருந்து ஒரு பேருந்தில் வந்து திரும்பிவிடக்கூடிய தூரத்தில், பாடப்புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்த குழியுடலிகளை உயிரோடு பார்க்கும் வாய்ப்பு இது. ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளைக் கூட்டிப்போக என்னென்ன வேண்டும், எந்த நாளில் போவது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை இங்கே எழுதியிருக்கிறோம்.

கடற்சாமந்தி, சொறி (பாடப்புத்தகத்தின் இழுதுமீன்), பவளம் மூன்றும் குழியுடலிகள் என்னும் ஒரே தொகுதி. உடம்பு ஒரு பை. அதற்கு ஒரே வாய். உண்பதும் கழிப்பதும் அதன் வழியாகத்தான். வாயைச் சுற்றி உணர்கொம்புகள், கொம்புகள் நிறையக் கொட்டும் செல்கள். மூளை கிடையாது, இரத்தம் கிடையாது, செவுள் கிடையாது. நரம்பு மட்டும் வலைபோலப் பரவியிருக்கும். பையின் அடியைப் பாறையில் ஒட்டி வாயை மேலே வைத்தால் சாமந்தி. அதையே கவிழ்த்து, நடுவில் கூழ் நிரப்பி மிதக்கவிட்டால் சொறி. சிறிய சாமந்திகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து தமக்கடியில் சுண்ணாம்புக் கல் கட்டிக்கொண்டால் பவளம். இந்த ஒரு பத்தி பிள்ளைகள் மனதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் பாறையிலேயே புரியும்.

முதல் வாரம்: குளத்திலிருந்து தொடங்குங்கள்

நேராகக் கடலுக்குப் போவதைவிட, அதற்கு முந்தைய வாரம் ஊர்க் குளத்திலிருந்து ஹைட்ராவைப் பிடித்துவந்து பார்ப்பது நல்லது. நன்னீரில் வாழும் குழியுடலிகளில் எளிதில் கிடைப்பது அதுதான். வடகிழக்குப் பருவமழை பெய்து குளம் நிறைந்து, தண்ணீர் தெளிந்த பிறகு, கார்த்திகை முதல் மாசி வரை தேடலாம். சித்திரை வெயிலில் தேடினால் கிடைப்பது அரிது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஹைட்ரா சுருங்கிச் செத்துவிடும்.

அகன்ற வாயுள்ள கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். குளத்தில் ஓட்டமில்லாத ஓரத்திலிருந்து வேலம்பாசி ஒரு கைப்பிடி, ஆம்பல் இலையின் தண்டு ஒரு துண்டு எடுத்துப் போட்டு, அதே குளத்துத் தண்ணீரை முக்கால் பாட்டில் நிரப்புங்கள். பாட்டிலை மூடாமல், நேர்வெயில் படாத சன்னலோரத்தில் இரண்டு நாள் வையுங்கள். ஆட்டக்கூடாது. ஹைட்ரா வெளிச்சம் வரும் பக்கத்துக் கண்ணாடிக்கு மெல்ல நகர்ந்துவந்து ஒட்டிக்கொள்ளும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், சில மில்லிமீட்டர் நீளத்தில் வெளிறிய நூல் ஒன்றும் அதன் நுனியில் ஐந்தாறு இழைகளும் தெரியும். ஒன்றும் தெரியாவிட்டால் வேறொரு குளத்தில் பாருங்கள். உரமும் பூச்சிமருந்தும் வடியும் வயலோரக் குளங்களில் பெரும்பாலும் இருக்காது.

சொட்டுக்குழாயால் உறிஞ்சும்போது ஒரே வேகத்தில் சட்டென்று உறிஞ்ச வேண்டும். மெதுவாக இழுத்தால் அது சுருங்கிக் கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். எடுத்ததைக் கண்ணாடித் தம்ளரில், குளத்துத் தண்ணீரிலேயே விடுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். வேறு வழியில்லை என்றால் குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் திறந்துவைத்துப் பிறகு பயன்படுத்தலாம். செம்புப் பாத்திரம் மட்டும் கூடவே கூடாது. செம்பு மிகச் சிறிய அளவில் கரைந்தாலே ஹைட்ராவுக்கு நஞ்சு.

உணவாக அதே பாட்டிலில் துள்ளும் நீர்த்தெள்ளுப் பூச்சிகளை, நாளைக்கு இரண்டு மூன்று விட்டால் போதும். அலங்கார மீன் வளர்ப்போர் வைத்திருக்கும் ஆர்ட்டீமியாக் குஞ்சுகளையும் கொடுக்கலாம். ஆனால் அவை உப்புநீரில் பொரிப்பவை, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுத்தான் போட வேண்டும். தின்றது போக மீதியை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஹைட்ரா வளர்ப்பில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்: மிச்சம் அழுகும், தண்ணீர் கலங்கும், மறுநாள் ஹைட்ரா உருண்டையாகச் சுருங்கிக் கிடக்கும்.

நன்றாகத் தின்னும் ஹைட்ராவின் உடம்பில் சில நாட்களில் மொட்டு விடும், மொட்டு வளர்ந்து தனி ஹைட்ராவாகப் பிரியும். ஒன்றைப் புதிய சவரப் பிளேடால் குறுக்கே வெட்டினால், மேல்பாதி அடியையும் கீழ்ப்பாதி தலையையும் மூன்று நாளைக்குள் வளர்த்துக்கொள்ளும். 1740-களில் ஆபிரகாம் டிரெம்ப்ளே இதைச் செய்து காட்டியபோது, இது செடியா விலங்கா என்று ஐரோப்பிய அறிஞர்கள் வியந்தார்கள்.

பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் ஒரு ஹைட்ராவை வைத்து, மூடுவில்லையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். அழுத்தினால் நசுங்கிவிடும். முதலில் 100 மடங்கு, பிறகு 400 மடங்கு. வெளிச்சத்தைக் குறைத்தால்தான் விளிம்புகள் தெரியும். உணர்கொம்பில் முண்டு முண்டாக இருப்பவை கொட்டும் செல்களின் கூட்டம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குமிழ், குமிழுக்குள் சுருட்டிய இழை. இப்போது மூடுவில்லையின் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு, எதிர் ஓரத்தில் உறிதாளை வையுங்கள். வினிகர் உள்ளே இழுக்கப்படும். கொம்பைத் தொட்டதும் இழைகள் குபுகுபுவென்று வெளியே பாயும்.

அந்தப் பாய்ச்சலைக் கண் தொடர முடியாது. குமிழுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 150 வளிமண்டலங்கள்; ஹைட்ராவின் துளைக்கும் இழை வெடித்து வெளிவர ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு செல் ஒரு முறைதான் வெடிக்கும், பிறகு அந்த இடத்தில் புதிய செல் வந்தாக வேண்டும். வினிகர் பட்டதும் வெடித்ததைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். சொறி பட்டவருக்கு முதலுதவி செய்யும் இடத்தில் இது தேவைப்படும்.

பார்வைக்குழாய் செய்தல்

பாறைக்குழியின் தண்ணீருக்கு மேலிருந்து பார்த்தால் வானம்தான் தெரியும். காற்றடித்தால் அதுவும் தெரியாது. அதற்கு இந்தக் குழாய்.

நாலு அங்குல பிவிசி குழாய் (110 மி.மீ.) 40 செ.மீ. நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். உட்புறம் முழுக்க, பளபளப்பில்லாத கறுப்புச் சாயம் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். 3 மி.மீ. தடிமனுள்ள நிறமற்ற அக்ரிலிக் தகட்டில் 110 மி.மீ. வட்டம் வெட்டித்தரச் சொன்னால், பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டித்தருவார்கள். குழாயின் ஒரு முனையை உப்புத்தாளால் சமமாகத் தேய்த்து, சிலிக்கான் சீலன்டை இடைவெளியில்லாமல் ஒரு சுற்று வைத்து, வட்டத்தை அதன்மேல் அமர்த்தி, ஒரு கனமான புத்தகத்தை ஏற்றிவைத்து 24 மணி நேரம் விடுங்கள். பிறகு வெளிப்பக்க மூட்டில் இன்னொரு சுற்று, இன்னொரு 24 மணி நேரம். திறந்த முனைக்கு 5 செ.மீ. கீழே எதிரெதிராக இரு துளை போட்டுக் கயிற்றுப் பிடி கட்டுங்கள். உள்ளே ஒரு செய்தித்தாள் துண்டு போட்டு, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தாள் நனையவில்லை என்றால் குழாய் தயார்.

பிவிசி ஒட்டும் கரைசலை அக்ரிலிக்கில் தடவாதீர்கள், தகடு மங்கி நுண்வெடிப்பு விழும். கண்ணாடி வில்லை வைத்தால் பாறையில் ஒரு தட்டுக்கே உடைந்து காலைக் கிழிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாள் நீரழுத்தத்தில் உட்குழிந்து உருவத்தைக் கோணலாக்கும். குழாயை 15 செ.மீ. அமிழ்த்தினால் நீர் அதைச் சுமார் 1.4 கிலோ எடை அளவுக்கு மேலே தள்ளும், ஆகவே சிறு பிள்ளைகள் இருவராகப் பிடிக்க வேண்டும். தண்ணீரில் இறக்கும்போது சாய்த்து இறக்குங்கள்; நேராக இறக்கினால் தகட்டின் அடியில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாது.

எந்த நாள், எந்த நேரம்

சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் அமாவாசை, பௌர்ணமியிலும் அதற்கடுத்த ஓரிரு நாளிலும் ஏற்றமும் கூடும், வற்றமும் கூடும். அட்டமி நவமியில் இரண்டும் குறைவு. அன்று போனால் பாறை வெளியே வராது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்பதால், அந்த இரண்டு மூன்று நாளைத் தவறவிடக்கூடாது. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் தூத்துக்குடிக்கு உரிய வற்ற நேரத்தைப் பாருங்கள். அடுத்தடுத்த நாள் அது ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பாறையில் இறங்கி, தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் வெளியேறிவிட வேண்டும்.

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஓங்கியிருக்கும்போது உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைப் பக்கப் பாறைகளில் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும் தொலைவில் எழுந்த அலை திடீரென்று வந்து மோதும் கள்ளக்கடல் நம் தென்கரைக்கு உண்டு. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது, புறப்படும் காலையில் அதைப் பார்த்துவிடுங்கள். ஓதத்தால் கடல் வற்ற மணிக்கணக்கு ஆகும். அட்டவணைக்குப் பொருந்தாத நேரத்தில், சில நிமிடத்தில் கடல் விறுவிறுவென்று பின்வாங்கினால் அது சுனாமியின் அறிகுறி: எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

கால்களில் பழைய கான்வாஸ் காலணி. செருப்பு பாசியில் வழுக்கும், வெறுங்காலைச் சிப்பி ஓடு வெட்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். அவர்களில் ஒருவர் எப்போதும் அலையைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் குழியைப் பார்க்கக் கூடாது.

பாறையில்: சாமந்தி

தண்ணீர் முழுக்க வடிந்த இடத்தில் தேடினால் சாமந்தி சுருங்கிக் கிடக்கும், ஒன்றிரண்டு செ.மீ. அளவில், மணல் துகளும் சிப்பித்தூளும் ஒட்டிய வழவழப்பான முண்டு. அது சாமந்திதான் என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. விரிந்த சாமந்தி வேண்டுமென்றால், தண்ணீர் தேங்கிய குழிகளின் நிழல் விளிம்பு, வெடிப்பு, பாறை குடைந்த அடிப்பகுதி ஆகிய இடங்களைப் பாருங்கள். உங்கள் நிழல் குழியின் மேல் விழாதபடி உட்கார்ந்து, ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். சுருங்கியவை ஒவ்வொன்றாக விரியும். கொம்புகளை எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலான சாமந்திகளில் அவை ஆறின் மடங்காக அமையும். உடைந்தோ தின்னப்பட்டோ எண்ணிக்கை தப்பியிருக்கலாம்.

விரலைக் கடல்நீரில் நனைத்துவிட்டு, வெளிவட்டக் கொம்பை ஒரு முறை தொடலாம். விரல் பிசுபிசுவென்று ஒட்டும். அந்த ஒட்டுதல்தான் கொட்டும் செல்கள் வெடிப்பது. விரல்நுனித் தோல் தடிப்பு என்பதால் வலிப்பதில்லை. மணிக்கட்டின் உட்புறம், உதடு, கண் ஆகியவை மெல்லிய தோல், அங்கே படக்கூடாது. தொட்ட கையைக் கழுவும் வரை கண்ணைத் தேய்க்கவும் கூடாது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டி, பாறைமேல் பாய் விரித்தாற்போல் குட்டையான பாலிப்புகள் (அடி ஒட்டி, வாய் மேலே பார்த்த பை உடல்கள்) பரவியிருந்தால் அது தனிச் சாமந்தி ஆகாது, சோவாந்திட் என்னும் உறவினம். அவற்றில் பாலிதோவா வகையில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். அதைச் சுரண்டுவது, கிள்ளுவது, கையில் காயத்தோடு தொடுவது எல்லாம் ஆபத்து. பார்த்துவிட்டு நகருங்கள்.

சாமந்தி உண்பதைப் பார்க்க, தென்னை ஈர்க்கு நுனியில் பச்சை இறாலை அரிசி அளவு குத்தி, வெளிக்கொம்பில் வையுங்கள். கொம்பு பற்றும், அடுத்தடுத்த கொம்புகள் வளையும், இரை வாய்க்குப் போகும். வேறொரு சாமந்தியிடம் அதே அளவு சிறு கல்லை வையுங்கள். பற்றாது, அல்லது பற்றிச் சிறிது நேரத்தில் நழுவவிடும். தொடுகையும் இரையின் இரசாயன வாசனையும் சேர்ந்து வரும்போதுதான் கொட்டும் செல்கள் முழு வேகத்தில் வேலை செய்கின்றன. அலையும் மணலும் நாள் முழுக்க உரசும் இடத்தில், தொட்டதற்கெல்லாம் வெடித்தால் ஒரே நாளில் ஆயுதம் தீர்ந்துவிடும். ஒரு சாமந்திக்கு ஒரு முறைக்கு மேல் சோதிக்காதீர்கள்.

பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கவே கூடாது. அடித்தட்டு கிழிந்தால் சாமந்தி அழுகிப்போகும். அவை மெல்ல வளர்ந்து நெடுங்காலம் வாழ்பவை: ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் 1828-இல் கடற்கரையிலிருந்து எடுத்துவந்த ஒரு சாமந்தி, அவர் இறந்த பின்னும் பலர் கை மாறி 1887 வரை வாழ்ந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பெரிய கம்பளச் சாமந்திகளில் கோமாளி மீன்கள் குடியிருக்கின்றன. மீனின் வழவழப்புப் படலம் கொட்டும் செல்களை உசுப்பாமல் வைத்திருக்கிறது. மீன் பகைவரை விரட்டும். அதன் கழிவு சாமந்திக்குள் வாழும் பாசிக்கு உரமாகும். அலங்கார மீன் சந்தைக்காகச் சாமந்தியை எடுத்துவிட்டால், பல ஆண்டு வளர்ந்த வீடு போய்விடும். கோமாளி மீனைப் பண்ணையில் பொரிக்கவைக்கும் முறை நம் நாட்டிலேயே இருக்கிறது. வீட்டுத் தொட்டிக்கு வாங்குபவர்கள் பண்ணை மீனா என்று கேட்டு வாங்குங்கள்.

மணலில்: சொறி

சொறியைத் தேடிப் போக வேண்டாம். கரையொதுங்கியதைப் பார்த்தால் போதும். வெறுங்கையால் தொடுவது கிடையாது. செத்து, காய்ந்து, துண்டாகக் கிடந்தாலும் கொட்டும் செல் வேலை செய்யும். சிறியதாக இருந்தால் நீண்ட பிடியுள்ள கரண்டியால் கடல்நீர் நிறைந்த வெள்ளை பேசினில் விட்டுப் பார்க்கலாம்.

நம் கரையில் ஒதுங்குபவற்றை உருவத்தால் பிரிக்கலாம். குடை தடிப்பாக, ஓரத்தில் இழை தொங்காமல், நடுவிலிருந்து தடித்த சுருக்கமான கைகள் இறங்கினால் அது குடைச்சொறி வகை. சீனா போன்ற நாடுகளுக்கு உப்பும் படிகாரமும் இட்டுப் பதப்படுத்தி அனுப்பப்படுபவை இந்த வகைதான். தட்டையான நீல வட்டும் சுற்றிலும் நீலக் குஞ்சமும், காசு அளவில் இருந்தால் நீலப்பொத்தான், பெரிய தீங்கில்லை. காற்றடைத்த நீலப் பையும் அதிலிருந்து நீளும் நீல இழையுமாக இருந்தால் விலகுங்கள். அது போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் எனப்படும் ஃபைசேலியா. பல உறுப்பினர் சேர்ந்து ஓருடலாக மிதக்கும் கூட்டம். சொறியைவிட உங்கள் தம்ளர் ஹைட்ராவுக்கே நெருங்கிய உறவு. இழை பல மீட்டர் நீளும். கரையை நோக்கிக் காற்று விடாமல் வீசிய நாட்களுக்குப் பின் அதிகம் ஒதுங்கும். நான்கு மூலையுள்ள பெட்டிபோலக் குடை தண்ணீரில் தெரிந்தால் அது பெட்டிச் சொறி, எல்லோரும் உடனே கரையேற வேண்டும்.

கொட்டிவிட்டால் செய்ய வேண்டியது இது. ஆளைக் கரையேற்றி உட்காரவையுங்கள். கடல்நீரை ஊற்றி ஒட்டிய இழைகளைக் கழுவுங்கள், மீதியைச் சிறு இடுக்கியால் எடுங்கள். மணலால் தேய்ப்பது, துண்டால் துடைப்பது, அட்டையால் சுரண்டுவது மூன்றும் வெடிக்காத செல்களையும் வெடிக்கவைக்கும். குளிர்ந்த நல்ல தண்ணீர் ஊற்றுவதும் அப்படியே. சிறுநீர் எந்த உதவியும் செய்யாது. இழை முழுக்க நீங்கிய பிறகு, பட்ட இடத்தை 45 டிகிரிச் சுடுநீரில் 20 நிமிடம் அமிழ்த்துங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு பங்கு கொதிநீருக்கு நான்கு பங்கு சாதாரணத் தண்ணீர் கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். கொட்டு வாங்காத ஒருவர் கையை விட்டுப் பார்த்துப் பொறுக்கும் சூடு என்று உறுதிசெய்யட்டும். கொட்டு வாங்கியவருக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துபோகும். சுடுநீர் கிடைக்காத இடத்தில், பிளாஸ்டிக் பையில் கட்டிய பனிக்கட்டியை, நீர் கசியாமல் வைக்கலாம்.

வினிகர்? நுண்ணோக்கியில் வினிகர் பட்டு ஹைட்ராவின் செல்கள் வெடித்ததைப் பார்த்தீர்கள். பெட்டிச் சொறியில் மட்டும் இதற்கு நேர்மாறு: அதன் செல்களை வினிகர் வெடிக்கவிடாமல் முடக்கும், அரை நிமிடமாவது ஊற்ற வேண்டும். வேறு சில சொறி வகைகளில் வினிகரே செல்களை வெடிக்கவைக்கிறது. ஃபைசேலியாவுக்கு வினிகர் வேண்டாம் என்றே ஆஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆகவே கொட்டியது பெட்டிச் சொறி என்று கண்ணால் கண்டிருந்தால் மட்டும் வினிகர். இல்லையென்றால் கடல்நீரும் சுடுநீரும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாந்தி, மயக்கம், கண்ணில் பட்டது, கையளவுக்கு மேல் பரவிய தடிப்பு, சிறு குழந்தை: இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கொட்டும் என்பதற்காக அடித்துக் கொல்வதில் பயனில்லை. சொறியின் உடம்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். ஆனாலும் கடலாமைகளுக்கு, குறிப்பாகத் தோணியாமைக்கு, அதுதான் முக்கிய உணவு. மிதக்கும் பிளாஸ்டிக் பையை ஆமை விழுங்குவதும் சொறி என்று நினைத்துத்தான். வாவல் மீனும் சொறியைத் தின்னும். பாரைக் குஞ்சுகள் குடையின் அடியில் ஒளிந்து வளரும். இன்னொரு பக்கம், சொறி மிதவை உயிர்களையும் மீன் முட்டைகளையும் தின்பதால் அளவு மீறிப் பெருகினால் மீன்வளத்துக்குப் போட்டி.

அந்தப் பெருக்கத்தின் மூலம் கடலடியில் இருக்கிறது. சொறியின் குஞ்சு முதலில் சிப்பி, பாறை, சுவர் போன்ற கெட்டியான இடத்தில் ஒட்டி, சில மி.மீ. உயரப் பாலிப்பாக, சாமந்தியின் சாயலில் வாழும். காலம் வாய்க்கும்போது அதன் உடம்பு அடுக்கடுக்காகப் பிரிந்து, ஒவ்வொரு அடுக்கும் ஒரு குட்டிச் சொறியாக நீந்திப் போகும். ஒரு பாலிப்பிலிருந்து பல சொறி. ஒட்டுவதற்குத் துறைமுகச் சுவர்களும் தூண்களும் பெருகி, போட்டி மீன்கள் குறைந்து, நீர் சூடாகி, கழிவுச் சத்து சேரும் இடங்களில் பெருக்கத்துக்கு வழி திறக்கிறது. கடல்நீரால் குளிரூட்டும் மின்நிலையங்களின் வடிகட்டியைச் சொறிக்கூட்டம் அடைப்பதும் உண்டு; 2013-இல் சுவீடனின் ஆஸ்கர்ஷாம் அணு உலை ஒன்று இதனால் நிறுத்தப்பட்டது. கூடங்குளமும் தூத்துக்குடி அனல்மின் நிலையமும் கடல்நீரைத்தான் எடுக்கின்றன என்பதால், சொறிக் கணக்கு நமக்கும் தேவையானதுதான்.

பவளம்: பார்ப்பதோடு நிறுத்துங்கள்

உயிருள்ள பவளப்பார் (பவளப்பாறைத் திட்டு) திருச்செந்தூர்ப் பாறையில் நின்று பார்க்கக் கிடைக்காது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றித்தான் அது இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. கரையில் நமக்குக் கிடைப்பது ஒதுங்கிய துண்டுகள்.

ஒதுங்கிய வெள்ளைக் கல் பவளமா என்று அறிய லென்ஸை வையுங்கள். மேற்பரப்பு முழுக்கச் சிறு குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் நட்சத்திரமாக நின்றால் பவளம். தகடுகள் ஆறின் மடங்கு. பாறையில் எண்ணிய சாமந்திக் கொம்பின் கணக்கேதான். குழி ஒவ்வொன்றும் ஒரு பாலிப் இருந்த வீடு. கிளையாக இருந்தால் மான்கொம்புப் பவளம். உருண்டையில் ஊசிமுனைக் குழிகள் நெருங்கியிருந்தால் போரைட்டஸ். வளைந்து வளைந்து ஓடும் பள்ளமாக இருந்தால் மூளைப்பவளம். மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் இவற்றில் சேராது, அது மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் ஆழத்தில் வளரும் எட்டுக்கொம்பு உறவினம்.

படம் எடுத்துவிட்டுத் துண்டை அங்கேயே போடுங்கள். 2001 முதல் பவளம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. அதற்கு முன் பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றி வெட்டி எடுத்தார்கள். விலாங்குசல்லி கடலுக்குள் மூழ்கிப்போனது. வான் தீவு கரைந்து சுருங்கியது. அதைக் காக்க 2015 முதல் கான்கிரீட் செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறார்கள். பார் அலையின் வேகத்தை முன்னாலேயே உடைத்துவிடும்: உலகளவில் கணக்கிட்டபோது, அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைப் பார்கள் தடுக்கின்றன. கடல் தரையில் ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவான பரப்பில் இருந்துகொண்டு, கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால்பங்குக்குப் பார்கள் இடம் கொடுக்கின்றன. விளமீனும் களவாவும் சிங்கி இறாலும் வலையில் விழுவது அதனால்.

பவளத்தின் நிறம் அதன் திசுவுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசியால் வருவது. வெயிலில் பாசி செய்யும் சர்க்கரையிலிருந்து பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாக நாலு வாரம் நீடித்தால் பாசி வெளியேற்றப்படும், பவளம் வெளுக்கும். வெளுத்தது செத்தது ஆகாது. பாலிப் உயிரோடுதான் இருக்கும், வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். நீர் குளிர்ந்தால் மீளலாம், இல்லையென்றால் செத்து, மேலே நூற்பாசி படரும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய அளவில் வெளுத்தது.

சுண்ணாம்பு அமிலத்தில் கரைவதை வகுப்பில் காட்டப் பவளம் வேண்டாம், சமையலறையில் மிஞ்சிய மட்டி ஓடு போதும். நகைத்தராசில் எடை பார்த்து, 100 மி.லி. வினிகரில் 24 மணி நேரம் போட்டு, காயவைத்து மீண்டும் எடை போடுங்கள். கடல் வினிகராக மாறப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: தொழிற்புரட்சிக்குப் பின் கடலின் பி.எச். ஏறத்தாழ 8.2-லிருந்து 8.1-க்கு வந்திருக்கிறது. அந்தச் சிறு இறக்கமே, பவளம் கல் கட்டத் தேவையான கார்பனேட்டைக் குறைத்துவிடுகிறது.

குறிப்பேடு

ஒரு நாளுக்கு ஒரு பக்கம். நாள், திதி, அட்டவணை சொன்ன வற்ற நேரம், காற்றின் திசை, முழங்கால் ஆழத்தில் நீர் வெப்பம். வெப்பமானியை இரண்டு நிமிடம் நீருக்குள் வைத்து, குமிழ் நீரில் இருக்கும்போதே படிக்க வேண்டும். வெளியே எடுத்துப் படித்தால் காற்றில் ஓரிரு டிகிரி இறங்கிவிடும். பிறகு பார்த்த குழிகளின் எண்ணிக்கை, அவற்றில் சாமந்தி எத்தனை, நூறடி மணலில் ஒதுங்கிய சொறி எத்தனை, எந்த உருவம். ஒன்றும் இல்லாத நாளிலும் "இல்லை" என்று எழுதுங்கள். எழுதாமல் விட்ட நாளுக்கும் இல்லாத நாளுக்கும் பிறகு வேறுபாடு தெரியாது. படத்தில் அளவுக்கு ஒரு ஐந்து ரூபாய்க் காசை அருகில் வையுங்கள், உயிரின் மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே குழிகளுக்கே போக, பாறையில் சாயம் அடிக்காமல், கரையில் நிற்கும் இரண்டு அசையாத பொருட்களை நேர்க்கோட்டில் வைத்து இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஓராண்டுக்குரிய பக்கங்கள் சேர்ந்ததும் தூத்துக்குடியிலுள்ள மீன்வளக் கல்லூரிக்கோ கடல் ஆய்வு நிறுவனங்களுக்கோ பள்ளி வழியாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இனத்தின் சரியான பெயரைப் படத்தை வைத்து அங்கே கேட்டு, பக்கத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.